வாசல்வரை வந்து தணிந்த ஆசை

2008 ஏப்ரலில் நெட்வொர்க்18 குழுமம் ‘ஹோம்ஷாப்18’ என்னும் தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் விற்பனை ஒன்றே அதன் நிகழ்ச்சி. புடவை, குக்கர், கைப்பேசி என ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். சலுகை முடிய இன்னும் சில நிமிடங்களே என்று அவசரப்படுத்துவார்கள். தொலைபேசியில் சொன்னால் போதும். பொருள் வீடு வந்தபின் பணம் தரலாம். 2014இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நுழைய விண்ணப்பிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பிறகு சரிவு. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, ரொக்கத்தையே நம்பிய இவ்வணிகம் தடுமாறியது. மலிவான இணையம் வாடிக்கையாளரைக் கைப்பேசிக்கு இழுத்துச் சென்றது. போட்டியாளரான ஷாப் சிஜேயுடன் இணைந்தும் பழைய உயரம் திரும்பவில்லை.

நம் சிந்தனைக்குரியது வேறொன்று. வாசலுக்கு வந்த பெட்டியைப் பிரிக்காமலே “வேண்டாம்” என்று திருப்பியவர்கள் பலர். போக்குவரத்துச் செலவு இருமுறையும் விற்பவர் தலையில் விழும். ஏன் திருப்பினார்கள்? பணமுடை சிலருக்குக் காரணமாக இருக்கலாம். மற்றவர்களுக்கு? விலை மாறவில்லை, பொருளும் மாறவில்லை. இடையில் நான்கைந்து நாட்கள் கழிந்தன, அவ்வளவே. யாரும் உபதேசிக்கவில்லை, யாரும் தவமியற்றவில்லை. ஆசை தானே தணிந்துவிட்டது! அத்தனை எளிதில் தணிந்தது உண்மையில் அவர்களுடைய தேவைதானா?

விஷயங்களை நினைப்பதால் பற்றும், பற்றினால் காமமும் எழுவதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் விளக்குகிறது. இந்தத் தொடரில் விவேகம் நுழையக்கூடிய இடைவெளியை அடைப்பதே அந்த அவசரக் குரலின் வேலை. பசித்தவனுக்கு உணவு விற்பது தர்மமே. பசியையே மூட்டி விற்பவனின் நிலை என்ன? ‘வாங்கியவன் சுதந்திரன், பொறுப்பு அவனுடையதே’ என்பர். யோசிக்கவிடாமல் செய்துவிட்டுச் சுதந்திரம் பேசுவது நியாயமாகத் தோன்றவில்லை.

வணிகத்தைத் துறந்தால்தான் தர்மம் என்பதும் இல்லை. இந்திராயணிக் கரையில் தேஹுவில் வாழ்ந்த துகாராம் மகராஜ் கடை நடத்திய குடும்பத்தவரே. தமக்குப் பிறர் தரவேண்டிய கடன்களின் பத்திரங்களில் தம் பங்கை அவர் ஆற்றில் விட்டார் என்பது மரபு. பிறர்மீது தமக்கிருந்த பிடியையே அவர் விட்டார். விற்பவன் எண்ணிப்பார்க்க வேண்டிய செயல் இது.

தேஹுவுக்கு அருகிலுள்ள சாகணில் இன்று வாகனத் தொழிற்சாலைகளோடு பெரிய சரக்குக் கிடங்குகளும் நிற்கின்றன. அந்த அவசரக் குரல் இப்போது கைப்பேசித் திரையில் ஓடும் கடிகாரமாகிவிட்டது. பணத்தை முன்னதாகவே செலுத்திவிடுகிறோம். நகரங்களில் பல பொருள்கள் சில நிமிடங்களிலேயே வாசலுக்கு வருகின்றன. அந்த நான்கைந்து நாட்கள் இப்போது இல்லை.