மருந்தும் வாய்மையும்

நோயுற்ற குழந்தைக்கு மருந்து புகட்டும்போது "இது மிட்டாய்" என்று சொல்லாத வீடு அரிது. அன்பினால் சொல்லப்படும் இச்சிறு பொய், பொய்யாமை என்னும் அணுவிரதத்திற்கு இழுக்காகுமா? நன்மைக்காகத்தானே என்பர் பலர். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பாரும் உளர். ஆனால் வள்ளுவர் அங்குப் பொய்க்கு இடந்தருவது, குற்றமற்ற நன்மை விளையுமானால் மட்டுமே. இப்பொய்யால் விளைவது அத்தகைய நன்மைதானா என்பதையே நாம் ஆராய வேண்டும்.

அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில், குழந்தைகளுக்கென ஆரஞ்சுச் சுவையூட்டிய ஆஸ்பிரின் மாத்திரை விற்பனைக்கு வந்தது. குழந்தைகள் அதனை விரும்பினர். விரும்பியதனாலேயே, பெரியோர் காணாத வேளையில் புட்டியைத் திறந்து கைநிறைய விழுங்கினர். ஐந்து வயதுக்குட்பட்டோர் தவறுதலாக நஞ்சுண்ட நிகழ்ச்சிகளுக்கு ஆஸ்பிரின் முதன்மையான காரணமாயிற்று. உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. குழந்தையின் கைக்கு எளிதில் திறவாத மூடியை வற்புறுத்தும் சட்டம் அந்நாட்டில் 1970ஆம் ஆண்டில் பிறந்தது. மிட்டாய் என்று நாம் சொன்னதைக் குழந்தை நம்புகிறது. நம்பிய பொருளைத் தானே எடுத்து உண்பது அதன் குற்றமாகுமா?

நம்பாத குழந்தையின் நிலை வேறு. ஒருமுறை ஏமாந்தது, மறுமுறை கரண்டியைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும். உடனே மூக்கைப் பிடித்து ஊற்றுகின்றனர். மருந்து மூச்சுக்குழலுக்குள் செல்ல இதைவிட எளிய வழி இல்லை. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாகச் செலுத்துவதே செவிலியர் கையாளும் முறை. பால் புட்டியில் மறைத்துக் கலப்பதும் தகாது; பாதிப் பால் மிஞ்சினால் உள்ளே சென்ற மருந்து எவ்வளவென்று யார் அறிவார்? (தேனில் குழைப்பது நம் இல்லங்களில் வழக்கமில்லை. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாதென்று மருத்துவரும் விலக்குகின்றனர்.)

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் சொல்லிவந்த ஒன்று இங்கும் பொருந்தும். மறுக்க உரிமையில்லாத இடத்தில் "குடிக்கிறாயா?" என்று கேட்பதும் ஒருவகைப் பொய்யே. "இது மருந்து, கசக்கும், குடித்தபின் வெல்லம் தருவேன்" என்றால் மூன்று வயதுக் குழந்தைக்குப் புரியும். மடியிலா நாற்காலியிலா என்பதை அது தேர்ந்து கொள்ளட்டும். அழத்தான் செய்யும், அழட்டும்.

வாய்மை பெரியோர்க்குள்ளும் வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். 125 உள்ள சிரப்பென்று கருதிச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் நான்கு மடங்காகும். அளவு எடையைப் பொறுத்தது. அண்டை வீட்டுக் குழந்தையின் சீட்டு நமக்கு உதவாது. சங்கும் சமையலறைக் கரண்டியும் அளவு கருவிகள் அல்ல. இதனினும் மிகுதியாக நாம் அஞ்சுவது மௌனத்தையே. பாட்டி கொடுத்ததை அறியாமல் தாய் மீண்டும் கொடுக்கிறாள். ஒருவேளை விட்டுப்போனதை மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறாள். மருந்து பலிக்கவில்லை என்று கருதி அவர் அளவைக் கூட்டுகிறார். கொடுத்த வேளையையும் அளவையும், வாந்தியெடுத்திருந்தால் அதனையும், ஒரு தாளில் எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் புட்டியோடு வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.