பதில் சொல்ல ஒரு கட்டம்

‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று ஒரு பழமொழி. விரித்துவைத்தால் புகையிலையின் காரம் போய்விடும், சரி. சிரித்தால் பெண்ணிடமிருந்து என்ன போகும் என்று சொன்னவர் விளக்கவில்லை. தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் பக்கத்துத் தெருக்களில் மதியத்தில் நடந்து பார்த்தால் இந்தப் பழமொழியின் இரண்டு பாதியும் ஒரே திண்ணையில் பொய்யாகிக்கொண்டிருக்கும். மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள், விரலில் வெட்டிய இலை, வாயில் ஓயாத பேச்சு, நடுநடுவே தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. பீடி சுற்றும் பெண்கள் பெரும்பாலும் வீட்டு ஆண்களைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள்.

“யக்கா, மச்சான் இப்பம்லாம் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாமே?”

“ஆமாட்டி. நான் பீடி சுத்துதேன், அவரு குடிக்காரு.”

இதை அப்படியே இரண்டு கட்டங்களில் வரையலாம். ஆனால் இந்த வகை நகைச்சுவையை நான் அச்சில் பார்த்ததே அரிது. பத்திரிகைத் துணுக்குகளுக்கும் சித்திரத் தொடர்களுக்கும் நான் சின்ன வயதிலிருந்து அடிமை என்பதால் தேடாமல் இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது ஆண்களின் காலைக் கடமை. வீட்டுக்குள் பேப்பர் வந்து சேர்வது பக்கோடாவையோ பூவையோ சுற்றிக்கொண்டுதான். தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ எனக்கு அப்படித்தான் அறிமுகம். சிந்துபாத் ஒரு நாள் கடலில் நிற்பான். மறுநாள் என்ன ஆனான் என்று தெரிய அடுத்த பக்கோடா வரை காத்திருக்க வேண்டும், அதுவும் முந்தின மாதத்துத் தாளாக இருந்தால் கதை பின்னால் போகும். பிறகு ஆனந்த விகடன். மதன் வரைந்த ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு, வீட்டுப் புரோக்கர் புண்ணியகோடி ஆகியோருடன் நான் என் உறவினர்களைவிட நெருக்கமாக இருந்திருக்கிறேன். நான்கு பேரும் ஆண்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. குறும்பு, அசட்டுத்தனம், திருட்டு எதுவானாலும் அதைச் செய்து நம் அன்பைப் பெறும் உரிமை ஆணுக்கு இருந்தது. பெண் வந்தால் மனைவியாக வருவாள், மாமியாராக வருவாள், நர்ஸாக வருவாள், கட்சித் தலைவர் ஜோக்கில் மகளிரணியாக வருவாள்.

பூரிக்கட்டை ஜோக்கை எடுத்துக்கொள்வோம். தலையில் வீக்கத்தோடு கணவன், கையில் கட்டையோடு பருத்த மனைவி. இந்தப் படம் பல தலைமுறைகளாக அலுக்காமல் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்கிறது. அடி எந்தத் திசையில் விழுகிறது என்பது ஊருக்கே தெரியும். அதைத் தலைகீழாக்கிக் காட்டுவதால்தான் சிரிப்பே வருகிறது. தலைகீழாக்குவதில் குற்றமில்லை, நகைச்சுவையின் வேலையே அதுதான். ஆனால் போரில் புறமுதுகு காட்டி ஓடும் மன்னர் ஜோக்கிலும் இதே வித்தைதான் இருக்கிறது, அது யாரையும் உறுத்துவதில்லை. மன்னருக்குப் படை உண்டு, கஜானா உண்டு, புகழ்ந்து பாடப் புலவர்கள் உண்டு. குடிமகனிடம் இருப்பது அந்த ஒரு சிரிப்பு. பூரிக்கட்டை ஜோக்கில் அந்தச் சிரிப்பையும் மன்னரே எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் அதைப் படித்துச் சிரித்த நான் யார்? நான் சிரித்தேன், என் அம்மா சிரித்தாள், அத்தைகள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டுமானால் இதயம் ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் வெளியான ‘சிரிப்பு’ நூலில் எழுதினார். அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் மரத்துப்போன கணம் முடிந்து உணர்வு திரும்புமே, அப்போது நடப்பதுதான் என் கவலை. சிரிப்பு தும்மலைப் போல, நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதற்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதே ஜோக்கை இன்னொருவருக்குச் சொல்வதும், சிரிக்காதவளைப் பார்த்து ‘உனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை’ என்பதும் தும்மல் அல்ல. அவை நாம் தெரிந்து செய்யும் செயல்கள். பல பெண்கள் அந்த வசைக்குப் பயந்தே சிரித்துவைக்கிறார்கள். அது சிரிப்பா, வரியா?

குற்றாலத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சொத்து உண்டு. தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் வழியிலிருக்கும் மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி. அதில் தொலைந்துபோன சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்த சிங்கன், அவள் உடம்பில் கிடக்கும் நகைகளைக் கண்டு மிரள்கிறான். காலில் கிடப்பது விரியன் பாம்பா என்கிறான். குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்கிறாள் அவள். ஒவ்வொரு நகைக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். எனக்கு அது எப்போதும் சித்திரத் தொடராகவே தெரிகிறது. ஒரு கட்டத்தில் அவன் சந்தேகம், அடுத்த கட்டத்தில் அவள் வருமானம். எழுதியவர் ஆண்தான், குறவர் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்தவர்தான், வேட்டைக்காரனின் அறியாமையைக் காட்டிச் சிரிக்கவைப்பவர்தான். இருந்தும் கடைசி வார்த்தை ஒவ்வொரு முறையும் சிங்கிக்கே போகிறது. பூரிக்கட்டைக்காரிக்கு அது கிடைப்பதில்லை. அவள் கையில் கட்டை இருக்கிறது, வாயில் வசனம் இல்லை.

பெண்கள் தூரிகை எடுத்தபோது முதலில் நிரப்பியது இந்த வாயைத்தான். மஞ்சுளா பத்மநாபன் 1982இல் பம்பாயின் ‘சண்டே அப்சர்வர்’ இதழில் தொடங்கிய தொடரின் நாயகி சுக்கிக்குக் கணவனும் இல்லை, மாமியாரும் இல்லை. சும்மா சாய்ந்துகொண்டு யோசிக்கிறாள். சும்மா இருக்கும் பெண்ணைப் பத்திரிகையில் பார்ப்பதே ஒரு புதுமை. பிரான்சின் எம்மா 2017இல் இணையத்தில் வெளியிட்ட சித்திரத்தில் அடுப்பில் எல்லாம் பொங்கி வழிந்தபின் கணவன் வந்து, கேட்டிருந்தால் உதவியிருப்பேனே என்கிறான். தென்காசிப் பெண்ணுக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ரசிதா தனேஜாவின் ‘சானிட்டரி பேனல்ஸ்’ வெறும் குச்சி மனிதர்களை வைத்து வரையப்படுவது. அதன் சில சித்திரங்களுக்காக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. குச்சிப் பெண் பேசினால்கூடக் கேட்கிறது போலும்.

பெண்கள் சிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அதே பீடித் திண்ணையில் கறுத்த மருமகளைப் பற்றியும் பிள்ளை பெறாதவளைப் பற்றியும் ஜோக் வரும். சில சமயம் அவளும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். தலை நிமிராமல் அவள் கை மட்டும் வேகமாக இலையைச் சுருட்டும். அங்கே ஆண் யாரும் இல்லை, நாம்தான் மன்னர். ஆகவே ஒரு ஜோக்கை எடைபோடும்போது சொன்னது ஆணா பெண்ணா என்று நான் இப்போது பார்ப்பதில்லை. அதில் மாட்டிக்கொண்டவளுக்குப் பதில் சொல்ல ஒரு கட்டம் விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். “நான் பீடி சுத்துதேன், அவரு குடிக்காரு” என்பதற்கு அந்த மச்சான் சாயந்தரம் வந்து பதில் சொல்லலாம், சொல்லவும் செய்வார், ஊரே கேட்கும். பிள்ளை இல்லாதவள் என்ன சொல்வாள்?

இப்போது பக்கோடாத் தாளின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டது. எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் வாரம் இரண்டு பூரிக்கட்டை ஜோக் அனுப்புவார். பெண்கள் வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போடுவோம், அடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்துத்தான். போன சாரல் பருவத்தில் ஒரு நாள், எல்லோரும் ஐந்தருவிக்குப் போன களைப்போ என்னவோ, யாருமே போடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவரே எழுதினார்: “என்ன, யாரும் சிரிக்கலையா?” அதற்குக் கீழே வயதில் இளையவளான ஒரு மருமகள் பதில் போட்டாள்: “நீங்க கேட்டிருந்தா சிரிச்சிருப்போமே, மாமா.”