வாயைத் திறவுங்கள், மிஸ்!

"சிகரட்டை விடச் சொன்னாலும் கேட்கமாட்டாங்க." தாதியர், மருந்து கொடுப்பவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், டாக்டர், எல்லார் வாயிலும் இதே வசனம். யாரைச் சொல்கிறீர்கள்? மன்னார் தாராபுரத்து மனிதரையா? 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வீடுவாசலை விட்டுப் போய், புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்து, யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து, பற்றை மூடிய வளவை வெட்டித் துப்பரவாக்கிக் குடியேறியவரையா? அவருக்கு மனவுறுதி இல்லை என்று தீர்ப்பு எழுத நாம் யார்?

உறுதி குறைந்து கிடப்பது நம்மிடம்தான். கேட்கத் தெரியாத கூச்சத்துக்கு நோயாளி மேல் பழி போடுகிறோம்.

தெரியாததைப் பழகலாம். 2012இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. புகையை விட உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர்களிடம் போன நோயாளிகளில் கூடுதலானோர் விட்டிருந்தார்கள்.

பயிற்சியில் என்ன இருக்கிறது? கேளுங்கள். விடச் சொல்லுங்கள். மனம் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். கைகொடுங்கள். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் விசாரியுங்கள். இந்த ஐந்துதான் அடிப்படை. கடைசியில்தான் நம்மில் பலர் வழுக்குகிறோம். விட்டுப் பார்த்து மறுபடி பற்ற வைத்தவர் வெட்கத்தோடு வருவார். அன்று ஏசினால் ஆள் போச்சு, இனிக் கிளினிக் பக்கமே வரமாட்டார்.

வீட்டில் சொல்லிப் பழகுங்கள், கூச்சம் தெளியும்:

"வாப்பா, சிகரட் குடிக்கிறீங்களா?"

"இப்ப கொஞ்சம்தான் மகள்."

"எழும்பினா எவ்வளவு நேரத்தில முதல் சிகரட்?"

இந்தக் கேள்வியை விடாதீர்கள். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பற்ற வைப்பவருக்கு நிக்கோட்டின் பிடி இறுக்கம். அவருக்கு வெறும் புத்திமதி போதாது, மருந்தைப் பற்றி டாக்டரோடு கதைக்க வேண்டும். நிக்கோட்டின் மெல்லுகோந்து, தோலில் ஒட்டும் பட்டை, வரெனிக்லின் மாத்திரை போன்றவற்றை உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியே பரிந்துரைக்கிறது.

"அறுபது வயசாச்சு, இனி விட்டு என்ன?" என்பார். தலையாட்டிவிட்டு அனுப்பாதீர்கள். 1951இல் தொடங்கி பிரிட்டிஷ் டாக்டர்களை அரை நூற்றாண்டு பின்தொடர்ந்தார் ரிச்சர்ட் டோல். 30 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 10 ஆண்டு கூடுதல் ஆயுள், 50இல் விட்டவருக்கு 6, அறுபதிலும் 3. பேத்தியின் கலியாணத்தைப் பார்க்க மூன்று வருஷம் போதாதா?

"என்னால ஏலாது மகள்" என்றால், அங்கேதான் உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. ஸஹர் முடித்ததிலிருந்து மஃரிப் வரை, பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல், நோன்பு மாதம் முழுக்க சிகரட்டைத் தொடாமல் இருக்கிறார் அதே மனிதர்! இரத்தத்தில் நிக்கோட்டின் இரண்டு மணித்தியாலத்திலேயே பாதியாகிவிடும். அப்படியும் தாக்குப் பிடிக்கிறார். அவரை வீழ்த்துவது பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து, வாசலுக்கு வந்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுங்கள். ஆசை அலை சில நிமிஷத்தில் தணிந்துவிடும். பள்ளிவாசலுக்கு நடக்கட்டும், பேரனைத் தூக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். எந்தக் கொழும்புக் கருத்தரங்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தராது. ஊரை அறிந்த நீங்கள்தான் சொல்ல முடியும்.

உம்மாமாரையும் விடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களா என்று அவர்களை யார் கேட்கிறார்கள்? வாய்ப் புற்றுநோய்க்கு ஆண், பெண் பேதமில்லை.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்கக்கூடாது. பெட்டியில் 80 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்கு. மிச்சம் உங்கள் நாக்கில் இருக்கிறது. சொல்பவரின் சட்டைப் பையிலேயே சிகரட் பக்கெற் இருந்தால்? முதலில் அதை வீசுங்கள், பிறகு வாருங்கள்.

வரிசை நீளம், நேரமில்லை என்ற சாக்கும் வேண்டாம். கேட்டு, விடச் சொல்ல மூன்று நிமிஷம் போதும். அடுத்த கிளினிக் நாளில் முதல் ஆளிடமே தொடங்குங்கள். கிளினிக் கொப்பியில் பிரஷருக்குக் கீழே 'புகை உண்டு' அல்லது 'புகை இல்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். விட விரும்புகிறவருக்கு 1948 என்ற உதவி இலக்கத்தையும் அதே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.