தவளையின் தேர்வும் மனிதனின் வேலியும்

மழை ஓய்ந்த அந்தியிலே, ஹல்துமுல்லைத் தோட்டங்களுக்கு மேலேயுள்ள காட்டோரத்தில் நின்றால் புதர்த்தவளைகளின் குரல் கேட்கும். கத்துவன ஆண்கள், கேட்டுத் துணையைத் தெரிந்தெடுப்பது பெண். இலங்கையில் இத் தவளைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் சில அழிந்தும் போயின.

ஒரு மூதாதையின் சந்ததி இத்தனை இனங்களாய்ப் பிரிவது எங்ஙனம்? மலையும் பள்ளத்தாக்கும் கூட்டங்களை முதலிற் பிரிக்கின்றன. தலைமுறைகள் கழிய, பிரிந்தவற்றின் உடலும் குரலும் மாறுகின்றன. பின்னர் அவை சந்திக்க நேர்ந்தாலும், அந்நியக் குரலைப் பெண் நாடுவதில்லை. கலப்பிற் பிறக்கும் குஞ்சுகள் நலிந்தவையாயின், தன்னினக் குரலை நாடிய பெண்ணின் சந்ததியே பெருகும், பிரிவும் உறுதிப்படும். இதுவே உயிரியலார் தரும் விளக்கம். பெண்ணின் தேர்வு உயிர்களின் உருவையே மாற்ற வல்லது என்று 1871-ல் டார்வின் எழுதியபோது, ஏற்க மறுத்தோர் பலர். ஆயினும், மலை குறுக்கிடாத இடத்திலும் தேர்வு இனங்களைக் காத்து நிற்பதை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி காட்டிற்று. அங்கே பெண்மீன்கள் ஆணின் நிறங்கண்டு துணை தேடுவன. நீர் கலங்கி நிறம் மங்கிய பகுதிகளில் இனங்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதை 1997-ல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா! இனம் இனத்தோடுதான் சேரும், சாதிக்குள் மணப்பதே இயற்கை” என்று சொல்லும் பெரியவர்கள் நம் லயங்களிலும் உண்டு.

அவ்வாதம் இரண்டு இடங்களில் முறிகிறது. சாதி உயிரியல் இனமன்று. எச்சாதி ஆணும் எச்சாதிப் பெண்ணும் மணந்தாலும், பிறக்கும் குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போல வளர்ந்து, தானும் பெற்றோராகிறது. மனிதகுலம் முழுதும் ஓரினமே. அடுத்து, அந்நியக் குரலை நாடாதே என்று தவளைக்கு எவரும் உபதேசிப்பதில்லை. பஞ்சாயத்துக் கூட்டி அபராதம் விதிப்பதில்லை. இயற்கையே நம்மைப் பிரித்திருந்தால் மிரட்டலும் ஊர்விலக்கும் எதற்கு? வேலி வேண்டியிருப்பதே, உள்ளங்கள் வேலியைத் தாண்டுகின்றன என்பதற்குச் சான்று.

தவளையிடம் நாம் நீதி கற்க வேண்டியதில்லை. உள்ளதைச் சொல்வது விஞ்ஞானம்; செய்யத்தக்கதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதனுடையது. ஆனால், பெண்ணின் வாயை அடைத்துவிட்டு அதற்கு இயற்கையென்று பெயர் சூட்டுவது பொய்ச்சாட்சியாகும்.

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஒரே மலையேறி வந்தவர்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்தை நிறுத்த தராசு சாதி கேட்டதில்லை. இன்று மாலை கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்திற்குத் திரும்பும் பெண்ணின் காதிலும் அத் தவளைகளின் குரல் விழும். அந்தப் புதரிலே ஒரு சிற்றுயிருக்குள்ள உரிமை இவளுக்கு ஏன் இல்லை? பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.