ஏலியின் காது

29-ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய சத்தம் ஏழு முறை வருகிறது. அது லீபனோனின் கேதுரு மரங்களை முறிக்கிறது. காதேஸ் வனாந்தரத்தை அதிரப் பண்ணுகிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஜெபக் கூட்டங்களில் “கர்த்தர் என்னோடு பேசினார்” என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்கும்போது மனம் கலங்குகிறது. இந்த மனையை வாங்கு, அந்த வரனைப் பேசி முடி, வெளிநாட்டு வேலைக்குப் புறப்படு என்றே அநேகமாக அவர் பேசியிருப்பார். யாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கேதுருவை முறிக்கிற சத்தம் நம்முடைய ஆசையில் ஒரு சிறு கிளையைக்கூட ஒடிக்காமல் போகுமா என்பதுதான் என் கேள்வி.

ஐடா ஸ்கடரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மிஷனரி குடும்பம், ராணிப்பேட்டையில் பிறப்பு. தான் மட்டும் மிஷனரி ஆவதில்லை என்பதில் உறுதியாக இருந்தவர். உடல்நலம் குன்றிய தாய்க்கு உதவியாகத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் அடுத்தடுத்து மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதைத் தனக்கு வந்த தேவ அழைப்பாகவே ஐடா எடுத்துக்கொண்டார். அமெரிக்கா போய் 1899-இல் டாக்டரானார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. அந்த இரவில் வானம் முழங்கவில்லை. பதறி வந்த மூன்று கணவர்களின் குரல் போதுமாயிருந்தது, அவர் தனக்கென்று வைத்திருந்த திட்டம் முறிய.

அப்படியானால் உதவி கேட்டு வருகிற ஒவ்வொரு குரலும் தேவனுடையதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரித்தறியத் துணை வேண்டும். வேதத்தில், ஆலயத்திலேயே படுத்திருந்த சிறுவன் சாமுவேலுக்கே கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை. மூன்று முறை ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான் மூன்றாம் முறை புரிந்துகொண்டு, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

நாம் கதையை அநேகமாக இங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்து வந்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரான நியாயத்தீர்ப்பு. அதைச் சொல்லப் பயந்து விடியும்வரை பிள்ளை படுத்தே கிடந்தான். ஏலி விடவில்லை. ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று ஆணையிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், பேசியவர் கர்த்தர்தான் என்று ஏற்றுக்கொண்டார்.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களைச் சாமுவேலைப் போல் இருக்கச் சொன்னார்கள். வயது ஏற ஏற, நான் ஜெபத்தில் கேட்பது ஏலியின் காதை. பெற்ற பிள்ளைகளை அடக்கத் தவறி, பார்வையும் போய்க்கொண்டிருந்த அந்த மனிதரிடம் அது கடைசிவரை பழுதில்லாமல் இருந்தது.