பெயருக்குத் துணை

குழந்தைக்குப் பெயர் வைப்பது சுலபம். அந்தப் பெயருக்குத் துணையாக இன்னொரு பெயர் தேடுவதுதான் கஷ்டம். நம் பாட்டன்மார் அறியாத இந்தக் கஷ்டம், கடல் கடந்து குடியேறிய பிள்ளைகளின் மூலம் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே நீட்டும் படிவங்களில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். நடுக்கட்டம் காலியாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் காலியாக இருக்கும் கட்டம் மனிதனைச் சும்மா இருக்க விடுவதில்லையே!

ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் கோயில் வாசலில், இப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. காலஞ்சென்ற என் நண்பர் ஒருவரின் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். குழந்தைக்கு இரண்டெழுத்தில் மெல்லிய பெயர் ஒன்று முடிவாகியிருந்தது. துணைப் பெயர் அதற்கு இசைவாக ஒலிக்க வேண்டும் என்பது மருமகனின் கட்சி. ஒரு காகிதம் நிறைய எழுதி வைத்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா பேரை வைக்கணும், மாமா" என்றாள் அந்தப் பெண்.

தகப்பனை இழந்த அவளைத் தையல் இயந்திரம் மிதித்து வளர்த்தவள் அந்த அம்மாள். பெயரோ, 'அம்மாள்' என்று முடிகிற பழைய கிராமத்துப் பெயர்.

"நீங்களே சேர்த்துச் சொல்லிப் பாருங்க, சார். பொருந்துதா?" என்றார் மருமகன்.

பொருந்தவில்லைதான். காதின் நியாயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆயுள் முழுவதும் சுமக்கப் போகிறவள் குழந்தை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரித்தால் அழப்போகிறவளும் அவள்தான்.

ஆனால் துணைப் பெயர் எதற்காக இருக்கிறது? ஃபியோதர் மிகைலோவிச் தஸ்தயேவ்ஸ்கி என்னும்போது, நடுவே நிற்பவர் நாவலாசிரியரின் தகப்பனார் மிகைல். ஸ்பெயின் தேசத்தில் தகப்பன் வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்தே வருகின்றன. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் வாலில் இருந்த சாதிப் பட்டத்தை உதறச் சொன்னது. அந்த வழியில் வந்த நம்மில் பலருக்குப் பெயரோடு மிஞ்சியிருப்பது முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துத்தான். அந்த எழுத்து ஓசைக்குப் பொருந்துகிறதா என்று யாராவது பார்த்ததுண்டா? இன்னாருடைய பிள்ளை என்று சொல்வதே அதன் வேலை. அது தகப்பனை மட்டும் சொல்லிவிட்டுத் தாயை நெடுங்காலம் விட்டுவிட்டது. இன்று தாயின் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் பழைய பாக்கியைத் தீர்க்கிறார்கள் என்றே சொல்வேன்.

நம் வீடுகளிலும் ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்ததுண்டு. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்' என்ற சொல்லே பிறந்தது. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாதே! அதனால் கொஞ்சுவதற்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்று நன்றிக்கு, மற்றது நாவுக்கு.

நாங்கள் நின்ற இடத்திலேயே ஓர் இணை இருந்தது. சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள், சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். ஒன்று மலையின் பெயர்; மற்றது எங்கோ கீழே ஓடும் நதியின் பெயர். சேர்த்துச் சொன்னால் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஆனால் இந்த மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாக ஓடிக் காவேரியில் கலக்கிறது. மலைக்கும் நதிக்கும் உள்ள உறவு தண்ணீரால் ஆனது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் ஒரு கேள்வி போட்டார். "கடன் இவளுடையது, சார். அதைக் குழந்தை ஏன் சுமக்கணும்?"

நல்ல கேள்வி. தாய்க்குப் பட்ட கடனை மகளின் தலையில் எழுதித் தீர்த்துவிட முடியாது. பாட்டியைப் பேண வேண்டியவள் தாய்தான். பெயர் அதற்கு ஈடாகாது. பாட்டியைப் போலவே இரு என்று பேத்தியைக் கட்டிப்போடவும் பெயருக்கு உரிமையில்லை. ஆகையால்தான் நடுக்கட்டம் இதற்கு ஏற்ற இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டு மைதானத்தில் யாரும் அந்தப் பெயரால் கூவப் போவதில்லை. வேண்டாவிட்டால் வளர்ந்தபின் அவள் அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிக்கொள்ளலாம். காதுக்கு வேண்டியதை முதற்பெயர் கொடுத்துவிட்டது. துணைப் பெயரிடமும் அதையே கேட்பானேன்?

எட்டு வயதில் ஒருநாள் எந்தக் குழந்தையும் கேட்கும்: "அம்மா, இந்த நடுவில் இருக்கிறது யார்?" ஓசைக்காகச் சேர்த்த பெயரானால், "கேட்க நன்றாக இருந்தது, வைத்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பாட்டியின் பெயரானால் தாய் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். தையல் இயந்திரத்திலிருந்துதான் கதையை ஆரம்பிக்க வேண்டும்.