போய் வருவதற்கான அனுமதி

என் தாயார் தம்மைப் பெற்றவளின் காரியத்துக்குப் போகவில்லை. 1986ஆம் வருஷம் மாசி மாதத்தில் முசிறியிலிருந்து தந்தி வந்த அன்று, அதை வாசித்துக் காட்டிய என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ போய்ட்டு வா தம்பி, நான் போனா திரும்ப விடமாட்டாங்க” என்று மட்டும் சொன்னார். கையில் பணம் இல்லாமல் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிலியாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், பதினாலு வயது முதற்கொண்டு நாற்பது வருஷ காலம், விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்ப் பால் வெட்டிய அந்த அம்மாளின் சுருக்குப் பையில், வெற்றிலையோடு வெற்றிலையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது ஒரு சிவப்பு அடையாள அட்டை. அந்த அட்டையின் நிறம்தான் அவரைத் தடுத்தது.

என் அட்டையும் சிவப்புத்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும் என்னும் நம் வழக்கத்தை அனுசரித்து, 1952இல் என் தாயார் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து முசிறி போய் என்னைப் பெற்றெடுத்து, ஐந்து மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு 1953 ஏப்ரலில் அதே கப்பலில் திரும்பி வந்தார். புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து கதவு நெருங்கியது அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதி. நான்கு மாதம் தாமதித்திருந்தால் என் கதி என்னவாகியிருக்குமோ, நான் அறியேன். 1958இல், நாடு மெர்டேக்கா (சுதந்திரம்) கண்டு ஓராண்டுக்குப் பின், தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே பிறந்த என் தம்பி பிறந்த மாத்திரத்தில் இந்நாட்டுப் பிரஜையானான். அவனுக்கு நீல அட்டை. ஒரே லயத்தில், ஒரே பாயில் படுத்துறங்கி, ஒரே மங்குத் தட்டில் கஞ்சி குடித்து வளர்ந்த இரு சகோதரரில் ஒருவன் உரிமையோடும் மற்றவன் அனுமதியோடும் இந்த மண்ணில் வாழும்படி ஆனது, ஒரு தாய் தன் முதற் பேற்றுக்குத் தன் தாயைத் தேடிப் போனாள் என்ற ஒரே காரணத்தினாலேதான்.

சிவப்பு அட்டைக்காரன் நிரந்தரவாசி. அவன் இங்கே உழைக்கலாம், வரி கட்டலாம், சாகலாம். எல்லையைத் தாண்டிப் போவதானால் வேறொரு தேசத்தின் கடவுச்சீட்டு அவன் கையில் இருக்கவேண்டும். அதிலே ‘பெர்மிட் மாசோக் செமுலா’ என்கிற மறுபிரவேச அனுமதி, காலவரையறையோடு, முன்னதாகவே குத்தப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தேசமும் கடவுச்சீட்டுத் தராதவன் போவது மிகக் கடினம். இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதப்பட்டவை. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தாயாரின் பயம் சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. பிரஜையல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் எடுக்கவேண்டும் என்று 1968இல் சட்டம் வந்து, 1969 மே கலவரத்துக்குப் பின் அது இறுக்கமாகப் பிரயோகிக்கப்பட்டபோது, பல்லாயிரம் தமிழர் மூட்டை கட்டிக் கப்பலேறியதை அவர் கண்ணால் கண்டவர். எதிர் லயத்தில் இருபது வருஷம் குடியிருந்த ஒரு குடும்பம், அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்துவிட்டு, ஆட்டுக்குட்டியை எங்களிடம் ஒப்படைத்துப் போனது. ‘ஆறு மாசத்தில் வந்துடுவோம்’ என்றார்கள். ஆடு கிழடாகிச் செத்தது, அவர்கள் வரவில்லை. இலங்கையில் 1964இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு ஐந்தேகால் லட்சம் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டார்களே, அது உலகறிந்த கொடுமை. இங்கே நடந்ததற்கு அத்தகைய ஒப்பந்தமும் கிடையாது, அதனாலேயே பேச்சும் குறைவு. அந்த நாள் தொட்டு எங்கள் தோட்டத்துச் சிவப்பு அட்டைக்காரர்கள் ஊருக்குப் போவதை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. திரும்ப முடியாமற் போகுமோ என்ற சந்தேகம் ஒன்றே போதுமானதாயிற்று.

தந்தி வந்த அந்நாளில் நான் சிரம்பானில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். முந்தைய வருஷம் வேலை நிமித்தமாகச் சிங்கப்பூர் போய்வர எடுத்த அனுமதியில் இன்னும் சில நாள் மீதமிருந்தது. புதிதாக மனுப்போட்டுக் காத்திருக்க அவகாசம் இல்லை. அம்மாயி இறந்த நான்காம் நாள் முசிறியை அடைந்தேன். கருமாதி பதினாறாம் நாள். என் அனுமதி முடிவதோ அதற்கு மறுநாள். அதற்குள் சென்னையிலிருந்து இடம் கிடைத்த ஒரே விமானம் பதினான்காம் நாள் இரவு. மாமன்மார் என்னைத் தேற்றி அனுப்பினார்கள். காவிரிப் படித்துறையில் என் தாயார் சார்பில் நான் செய்யவேண்டியிருந்ததை வேறொருவர் செய்யும்படி விட்டுவிட்டு பஸ் ஏறிய அந்தப் பிற்பகலை நினைக்கும்போது, நம் துக்கத்துக்குக்கூட ஒரு தேதி முத்திரை குத்தப்பட்டிருக்கிறதே என்ற விசனம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

இவ்வளவும் செய்து, கெடுவுக்கு உட்பட்டுத் திரும்பியும், விமான நிலையத்துக் குடிநுழைவுச் சாவடியில் மூன்று மணி நேரம் நிறுத்தப்பட்டேன். காரணங்கள் இரண்டு. கடவுச்சீட்டில் என் பெயர் ஒருவிதமாகவும், 1964இல் தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்தபடி பதிவான அட்டையில் வேறுவிதமாகவும், ஓர் எழுத்து வித்தியாசத்தில் இருந்தது. அனுமதி முடியும் தறுவாயில் வந்தது மற்றொரு சந்தேகம். அந்த உத்தியோகஸ்தர் என்னைவிட இளையவர். முரட்டுத்தனமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பாலேக் கம்போங்கா?’ என்று, அதாவது சொந்த ஊருக்குப் போய் வருகிறீரா என்று, வெகு இயல்பாகக் கேட்டார். பெருநாளுக்குத் தாய் தந்தையரைப் பார்க்கப் போகிற மலாய்க்காரர் ஒருவரையொருவர் அன்போடு கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அந்தக் கேள்வியில் என் கம்போங் கடலுக்கு அப்பால் இருந்தது. கவுண்டருக்கு இப்பால், ஒரு லயத்துத் திண்ணையில் எனக்காகக் காத்திருந்த என் தாய் அதில் இல்லவே இல்லை.

பதில் சொல்லத் தொடங்கியபோது, தோட்டத்துப் பிள்ளைகள் கம்போங் பிள்ளைகளோடு ஆற்றில் விளையாடிக் கற்ற மலாய் என்னையறியாமல் வாயில் வந்தது. ‘நான்’ என்பதற்கு ‘டென்’ என்று சொல்லிவிட்டேன். அது நெகிரி செம்பிலான் வட்டாரக் கொச்சை. அவர் சட்டென்று தலைநிமிர்ந்தார். ‘அபாங், ஓராங் நோகொரியா?’ என்றார், அதாவது அண்ணே, நெகிரிக்காரரா என்றார். தமக்கு அதே மாநிலத்துக் குவாலா பிலா என்றார். ஒரு நிமிஷம் நாங்கள் இருவரும் ஓர் ஊர்க்காரர்களாக நின்றோம். அதன் பிறகும் அவரால் முத்திரை குத்த முடியவில்லை. மேலதிகாரி வந்துதான் குத்தவேண்டியிருந்தது. ஆகவேதான், எல்லை அதிகாரிகள் கல்நெஞ்சர் என்று பொதுப்படச் சொல்வோரோடு நான் உடன்படுவதில்லை. என் நாவைக் கேட்டு இவன் நம்மவன் என்று அந்த மனிதர் அறிந்துகொண்டார்; அவருக்கு இடப்பட்ட விதிக்கு அப்படி அறிந்துகொள்ளும் செவி இல்லை.

1948இல் அவசரகாலத்தை முன்னிட்டு மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் அடையாள அட்டை விதிக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்த மனித உரிமைச் சாசனத்தின் 13ஆம் ஷரத்து, எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்கிறது. வெளியேறுதலும் திரும்புதலும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதை நான் பலமுறை யோசித்ததுண்டு. திரும்புதல் உறுதியில்லாதவனுக்கு வெளியேறும் உரிமையால் என்ன பிரயோசனம்? நம்மவர் வாசலைத் தாண்டும்போது ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்பதும் இது பற்றியே. தன் நாடு எது என்பதுதான் சிக்கல். குடியுரிமை பெற்ற நாடு மட்டுமே தன் நாடு என்று குறுக்கிப் பொருள் கொள்ளலாகாது, ஒருவன் தன் வாழ்வின் பந்தங்களால் வெறும் அந்நியனாகக் கருதத்தகாத நாடும் அதில் அடங்கக்கூடும் என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இதே உரிமையைக் கூறும் பிற்கால உடன்படிக்கை ஒன்றுக்கு விளக்கம் தந்தது. மலேசியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லையாயினும், அந்த விளக்கம் எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது.

இவ்விடத்தில் எங்கள் மாநிலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரரில் பெரும்பாலோரின் முன்னோர் சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போவதை ‘மெராந்தாவ்’ என்று ஒரு கௌரவமான கடமையாகவே போற்றியவர்கள். அவர்களது பெர்பாத்தே வழக்கத்தில் குலம் தாய்வழி வருவது. பரம்பரை நிலம் பெண்களிடம் இருப்பது. அந்நியர் ஒருவரைச் சடங்கு செய்து தம் குலத்துக்குள் ஏற்றுக்கொள்ளும் முறையும் அதில் உண்டு. தாயைக் கொண்டே பிள்ளையின் இடத்தை நிர்ணயிக்கும் ஞானம் பெற்ற இந்த மண்ணில், தாய் நாற்பது வருஷம் உழைத்த தோட்டம் பிள்ளைக்கு ஊராகாமற் போனது எனக்கு இன்றும் விளங்காத காரியம். இரண்டு முறை குடியுரிமைக்கு மனுச் செய்தேன், பதில் வரவில்லை. என் மகள் 1979இல் இங்கே பிறந்தவள். பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசி என்ற தகுதியாலேயே அவள் நீல அட்டை பெற்றாள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வழியை எடுத்துவிட்டது என்று பத்திரிகையில் படித்த காலையில், இனிப் பிறக்கப்போகிற, முகமறியாத எத்தனையோ குழந்தைகளுக்காக என் மனம் பதறியது.

மூன்று மணி நேரம் கழித்து அன்று வெளியே வந்து, பஸ் பிடித்துச் சிரம்பான் போய், அங்கிருந்து தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வேலை முடித்து வந்த பெண்கள் குழாயடியில் நின்று, “வந்துட்டீங்களா அண்ணே?” என்று கேட்டார்கள். அம்மா திண்ணையில் இருந்தார். முசிறியில் யார் யார் வந்தார்கள், பாட்டி கடைசியில் என்ன சாப்பிட்டாள், ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு சற்றுநேரம் பேசாமலிருந்து, தாழ்ந்த குரலில், “பதினாறு வரைக்கும் இருந்தியா?” என்று கேட்டார்.

“இருந்தேம்மா” என்றேன்.